அறுபது சென்ட்டும் ஒரு பவர் பத்திரமும்

இந்த முறை கோவையிலிருந்து வந்த நீண்ட கடிதம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். எழுதியவர் 54 வயதுக்காரர், லேத் பட்டறை வைத்திருக்கிறார். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சரவணம்பட்டி பகுதியில், சத்தி ரோட்டுக்கு முகம் காட்டியபடி இவர்கள் குடும்பத்துக்கு 60 சென்ட் இடம் இருக்கிறது. மில் தொழிலாளியான அப்பா 1979-ல் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. 2011-ல் உயில் எதுவும் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மாவுக்கு இப்போது 76 வயது. அக்காவை 1986-ல் திருப்பூரில் கட்டிக் கொடுத்தார்கள். தம்பி 2021-ல் காலமானார். அவர் மனைவியும் பதினாறரை வயது மகளும் இவர்களோடுதான் இருக்கிறார்கள். இடத்தில் பட்டறையும் வாடகைக்கு விட்ட இரண்டு ஷெட்டுகளும் நிற்கின்றன.

ஒரு பில்டர் ஜே.வி. பேச வந்திருக்கிறார். இடம் குடும்பத்துடையது, கட்டுவது அவர், கட்டடத்தில் இருவருக்கும் பங்கு என்ற கூட்டு ஏற்பாடு அது. கீழே கடைகள், மேலே ஐ.டி. அலுவலகங்கள், மொத்தம் 1.2 லட்சம் சதுர அடி, அதில் 40 சதவீதம் குடும்பத்துக்கு. 24 மாதத்தில் முடித்துத் தருவாராம். திருப்பித் தர வேண்டிய டெபாசிட்டாக ஒன்றரைக் கோடி. ஆடி பிறப்பதற்குள் ஒப்பந்தத்திலும், குடும்பத்தின் சார்பில் அவரே கையெழுத்துப் போட அனுமதிக்கும் பொது அதிகாரப் பத்திரத்திலும் (பவர்) கையெழுத்து வேண்டும் என்கிறார். மெட்ரோ வந்தால் விலை இரட்டிப்பாகிவிடும், இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள் என்பது அவர் வாதம்.

நண்பரின் கேள்விகள் இவை. 40-ஐ 50 ஆக்க முடியுமா? பில்டர் ஏமாற்றினால் பவரை ரத்து செய்துவிடலாம்தானே? அக்கா 100 ரூபாய் பத்திரத்தில் "பங்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், அது போதுமா? இடத்தை விற்கவில்லையே, கட்டடம்தானே வாங்குகிறோம், அதற்கு வரி உண்டா? சூப்பர் மார்க்கெட் ஒன்று தரை வாடகைக்கு, அதாவது இடத்தை மட்டும் எடுத்துக் கட்டடத்தை அவர்களே கட்டிக்கொள்ளக் கேட்கிறது, கட்டடம் கட்ட விட்டால் இடமே போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

ஐயா, சதவீதக் கேள்வியை முதலில் வைத்திருக்கிறீர்கள். உங்கள் நிலையில் அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வர வேண்டிய கேள்வி. வரிசையை மாற்றிப் பதில் சொல்கிறேன்.

இந்த இடம் யாருடையது?

நீங்களும் தம்பி குடும்பமும் ஆளுக்குப் பாதி என்ற கணக்கில் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு தவறு. அப்பாவின் சுயசம்பாத்தியச் சொத்து, உயில் இல்லை. எனவே இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி அம்மா, அக்கா, நீங்கள், தம்பி என நான்கு பேருக்கும் சமமாக, ஆளுக்கு 15 சென்ட் இறங்கியது. அக்காவுக்கு எந்த வருடம் கல்யாணமானது, எவ்வளவு சீர் செய்தீர்கள் என்பதெல்லாம் இங்கே பொருட்டே இல்லை. 1989, 2005 சட்டத் திருத்தங்களைப் பற்றி ஊரில் பேசுவது பூர்வீகச் சொத்துக்கு. அப்பா சம்பாதித்ததில் மகளுக்குச் சம பங்கு என்பது 1956-லிருந்தே இருக்கிறது.

தம்பி இறந்தபோது அவருடைய 15 சென்ட் மறுபடி பிரிந்தது. மனைவி, மகள் இருவரோடு அவரைப் பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு. பலரும் கோட்டைவிடும் இடம் இது. ஆளுக்கு 5 சென்ட். ஆக இன்றைய நிலவரம்: அம்மாவுக்கு 20, உங்களுக்கு 15, அக்காவுக்கு 15, தம்பி மனைவிக்கு 5, தம்பி மகளுக்கு 5. இது தம்பியும் உயில் எழுதவில்லை என்ற அடிப்படையில் போட்ட கணக்கு.

அக்கா எழுதிக் கொடுத்த 100 ரூபாய் பத்திரத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. அசையாச் சொத்தில் உள்ள உரிமையை விட்டுக்கொடுப்பதென்றால் அது பதிவு செய்த விடுதலைப் பத்திரமாக இருக்க வேண்டும். அக்கா மனமுவந்து விட்டுத் தருவதானால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து எழுதித் தரட்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர் அதை எழுதியபோது அந்த இடத்தில் இரண்டு தகர ஷெட் இருந்தது. இன்று அங்கே வணிக வளாகம் பேசப்படுகிறது என்பது அவருக்குத் தெரியுமா? சொல்லாமல் கையெழுத்து வாங்கினால் வழக்குக்கு நீங்களே வழி வைத்த மாதிரி.

தம்பி மகளின் 5 சென்ட்தான் எல்லாவற்றையும் விட முக்கியம். மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, ஐந்து வருடத்துக்கு மேலோ, மைனர் மேஜரான பின் ஒரு வருடத்தைத் தாண்டியோ குத்தகைக்கு விடவோ பெற்ற தாயே ஆனாலும் நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். 1956-ஆம் வருட இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-ஆம் பிரிவு அது. அனுமதி இல்லாமல் தாய் கையெழுத்துப் போட்டால், அந்தப் பெண் 18 வயது நிரம்பிய பின் மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டு அதைச் செல்லாததாக்கலாம். பிரிக்கப்படாத இடத்தில் 5 சென்ட் மட்டும் சிக்கலானாலும் மொத்தக் கட்டடத்துக்கும் வங்கிக் கடன் நின்றுபோகும். உங்கள் பில்டரின் வக்கீலுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. அப்படியிருந்தும் ஆடிக்குள் கையெழுத்து கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு இன்னும் ஒன்றரை வருடத்தில் 18 நிறைகிறது. இடத்தை அளந்து, பட்டாவை ஐந்து பேர் பெயருக்கும் மாற்றி, நில உபயோகம் சரிபார்த்து, வரைபட அனுமதி வாங்கவே கிட்டத்தட்ட அவ்வளவு காலம் ஆகிவிடும். நீதிமன்ற அனுமதி கேட்பதா, காத்திருப்பதா என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். அவசரம் பில்டருக்குத்தான், உங்களுக்கு இல்லை.

1.2 லட்சம் சதுர அடி எங்கிருந்து வருகிறது?

60 சென்ட் என்பது 26,136 சதுர அடி. தமிழ்நாட்டின் 2019-ஆம் வருட ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 18.3 மீட்டர் உயரத்துக்கு உட்பட்ட சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2. அதாவது சுமார் 52,000 சதுர அடி. அடுக்குமாடி உயரக் கட்டடமாகப் போனால் 3.25 வரை, சுமார் 85,000. அதற்கு மேல் அரசுக்குக் கட்டணம் செலுத்தி பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. 50 சதவீதம் வாங்கினால்தான் 1.27 லட்சம் வரும். இந்தக் கடைசிக் கணக்குக்கு இடத்தின் முன்னால் 18 மீட்டர் அகலச் சாலை இருக்க வேண்டும். உயரக் கட்டடத்துக்குச் சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் காலி விட வேண்டும். பார்க்கிங் அதற்கு மேல். இத்தனைக்கும் பிறகு உங்கள் இடத்தின் வடிவத்துக்கு அந்த அளவு வருமா என்பதை பில்டர் சம்பந்தப்படாத ஓர் ஆர்க்கிடெக்ட்டிடம் வரைந்து பாருங்கள்.

இல்லையென்றால் அவர் சொல்லும் 1.2 லட்சம் "சூப்பர் பில்ட்-அப்" கணக்காக இருக்கலாம். படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எல்லாம் சேர்த்த எண் அது. அலுவலகக் கட்டடங்களில் 100 சதுர அடி சூப்பர் பில்ட்-அப்பில் கைக்கு வரும் கார்பெட் பரப்பு, அதாவது சுவர்களுக்குள் நீங்கள் பயன்படுத்தும் இடம், 65, 70 என்று இருப்பது சாதாரணம். ஒப்பந்தத்தில் உங்கள் பங்கு கார்பெட் அளவில்தான் எழுதப்பட வேண்டும்.

பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. கட்டணம் வழிகாட்டி மதிப்பின் (பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் விலை) அடிப்படையில் வருவதால் சத்தி ரோட்டு விலைக்குப் பெரிய தொகையாகும். யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் கடைசியில் உங்கள் தலையில் வந்து விடியும். பக்கத்து இடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று பில்டர் ஒரு வரி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டி வந்துவிடும். உங்கள் 60 சென்ட் தனியாக நின்றால் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது.

40, 50 என்பதை விட எந்தத் தளம் என்பதுதான் பேச்சு

வீட்டு அடுக்குமாடியில் முதல் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் பெரிய வித்தியாசமில்லை. வணிகக் கட்டடம் அப்படியில்லை. உதாரணத்துக்குத்தான் சொல்கிறேன்: ரோட்டைப் பார்த்த தரைத்தளம் சதுர அடி 100 ரூபாய்க்கும், மேல்மாடி 45 ரூபாய்க்கும் வாடகை போகும் இடத்தில், 15,000 சதுர அடி தரைத்தளமும் 33,000 சதுர அடி மேல்மாடியும் கிட்டத்தட்ட ஒரே வருமானம். "நாற்பது சதவீதம், தளங்கள் பின்னால் பேசிக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கும் பில்டரின் வரைவு ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டால், 50 வாங்கினாலும் தோற்றவர் நீங்கள்தான். தரைத்தளத்திலும் முதல் தளத்திலும் பெரும்பங்கு கிடைக்குமானால் 35-க்கும் சம்மதிக்கலாம் என்பது என் கருத்து.

காரணம், மேல்மாடி அலுவலகங்களில்தான் ரிஸ்க் அதிகம். கோவையில் அலுவலக இடத்துக்குத் தேவை கூடிவருகிறது, மறுக்கவில்லை. வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பணிகளுக்காகத் திறக்கும் மையங்கள் சென்னை, பெங்களூரைத் தாண்டி இங்கும் வருகின்றன. ஆனால் உங்கள் நான்காம் மாடியோடு போட்டி போடுவது யார் என்று பாருங்கள். கீரணத்தம் பக்கச் சிறப்புப் பொருளாதார மண்டலம், விளாங்குறிச்சியில் 2024 நவம்பரில் திறந்த, மாநில அரசு நிறுவனமான எல்காட்டின் ஐ.டி. கட்டடம், டைடல் பார்க். இவை ஒவ்வொன்றும் முழுதாக ஒரு நிர்வாகத்தின் கையில் இருப்பவை. பெரிய நிறுவனம் முழுத்தளமாகக் கேட்கும், முழு ஜெனரேட்டர் பேக்-அப் கேட்கும், ஒரே உரிமையாளரோடு ஒரே ஒப்பந்தம் கேட்கும். ஒரு மாடியில் பாதி பில்டர் விற்ற ஆறு பேருக்கும், மீதி உங்கள் குடும்பத்தில் ஐந்து பேருக்கும் சொந்தமாக இருந்தால் அந்த வாடகைதாரர் படியேற மாட்டார்.

கடை கடையாகப் பிரித்து விற்ற வணிக வளாகங்கள் பல ஊர்களில் ஷட்டர் இறக்கிக் கிடப்பதற்கும் இதுவே காரணம். எந்தக் கடை எங்கே வர வேண்டும் என்று முடிவெடுக்க ஆளில்லை. பராமரிப்புப் பணம் வசூலாவதில்லை, எஸ்கலேட்டர் நின்றால் நின்றதுதான். அதனால் பில்டர் தன் பங்கைச் சில்லறையாக விற்கப் போகிறாரா, வைத்துக்கொண்டு வாடகைக்கு விடப் போகிறாரா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். வாடகைக்கு விடும் பில்டர் என்றால் அவருக்கும் உங்களுக்கும் நலன் ஒன்று. இரு பங்கையும் சேர்த்து ஒரே கையாக வாடகைக்கு விட்டு, வருமானத்தைப் பங்கு பிரிக்கும் ஏற்பாட்டுக்கும் அவர் இறங்கி வருவார். விற்றுவிட்டுப் போகிறவருக்கு ஐந்தாம் வருடம் அந்தக் கட்டடம் என்ன ஆனால் என்ன?

மெட்ரோ விஷயம். சத்தி ரோடு அந்தத் திட்ட அறிக்கையில் இருந்த இரண்டு தடங்களில் ஒன்று என்பது சரி. ஆனால் மக்கள்தொகை 20 லட்சம் என்ற அளவுகோலைக் காட்டி 2025 நவம்பரில் மத்திய அரசு அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. நாளைக்கே மாறலாம். ஆனால் இன்று அதை விலையில் சேர்த்துப் பேசுவது வியாபாரத் தந்திரம். மெட்ரோவோ சாலை அகலப்படுத்தலோ வந்தால் முதலில் போவது உங்கள் முகப்பு நிலம் என்பதையும் யோசியுங்கள். நில எடுப்புக் கோடு ஏதாவது உங்கள் சர்வே எண்ணைத் தொடுகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நில எடுப்பு வந்தால் இழப்பீடு யாருக்கு என்பதும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இருக்கட்டும்.

பவரை நினைத்தபோது ரத்து செய்ய முடியுமா?

முடியாது என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். சாதாரண பவர் என்றால் கொடுத்தவர் ரத்து செய்யலாம், கொடுத்தவர் இறந்தால் தானே முடிந்துவிடும். ஆனால் பில்டர் டெபாசிட் கொடுத்து, ஜே.வி. ஒப்பந்தத்தோடு சேர்த்து எழுதிக்கொள்ளும் பவரில் அவருக்கும் நலன் இருக்கிறது. அத்தகைய அதிகாரத்தை அவருக்குப் பாதகமாக ஒருதலையாக முடிக்க முடியாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 202-ஆம் பிரிவு. நாளை அம்மாவுக்கு ஏதாவது ஆனாலும் அது நிற்கும். பவரை வைத்துச் சொத்தே கைமாறிவிடாது என்று 2011-ல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே தீர்ப்பு உண்மையான ஜே.வி. ஒப்பந்தங்களையும் அதற்கான பவரையும் பாதிக்காது என்று விலக்கும் வைத்தது.

அதனால் பவரைத் துண்டு துண்டாகக் கொடுங்கள். வரைபட அனுமதிக்கு விண்ணப்பிக்க நில உரிமையாளர்களே கையெழுத்துப் போடலாம், அதற்குப் பவரே வேண்டாம். அனுமதி வந்து, தளவாரியாக யாருக்கு எது என்ற பங்கீட்டு ஒப்பந்தம் பதிவான பிறகு கட்டுமானப் பணிக்கு மட்டும் ஒரு பவர். பில்டர் பங்குக்குரிய பிரிபடாத நிலத்தை விற்கும் அதிகாரம் கட்டடம் எழ எழ, பகுதி பகுதியாக. கடைசிப் பகுதி உங்கள் பங்கைப் பணிநிறைவுச் சான்றோடு ஒப்படைத்த பிறகு. பணிநிறைவுச் சான்று இல்லாமல் இந்த அளவுக் கட்டடத்துக்கு ஈ.பி. இணைப்பே கிடைக்காது என்பதால் "சாவி கொடுத்தாச்சு" என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

வரைவு ஒப்பந்தத்தில் நிலம் முழுவதையும் அடமானம் வைக்கும் அதிகாரம் பில்டருக்கு இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். அவர் பங்கின் மேல் மட்டும் கடன் வாங்கிக்கொள்ளட்டும்.

ஒன்றரைக் கோடி டெபாசிட்டும் பார்க்கத்தான் வரவு. திருப்பித் தந்தால்தான் சாவி என்று எழுதியிருக்கிறார்கள். ஐந்து பேர் பிரித்து, ஒருவர் வீடு கட்டி, ஒருவர் கல்யாணம் செய்த பின் இரண்டு வருடம் கழித்து அதை எங்கிருந்து திரட்டுவீர்கள்? கடைசியில் இரண்டு கடையை விட்டுக்கொடுத்துக் கணக்கை முடிப்பார்கள். டெபாசிட்டைக் குறைத்து வாங்குங்கள், வங்கியில் அப்படியே போட்டு வையுங்கள்.

இன்னொன்று. பில்டர் தன் பங்கை விற்பதானால் திட்டம் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், பதிவாக வேண்டும். வணிகக் கட்டடத்துக்கும் இது பொருந்தும். கட்டுகிறவரும் விற்கிறவரும் வெவ்வேறு ஆளாக இருந்தால் இருவரையும் புரமோட்டராகக் கருதி, சேர்ந்தே பொறுப்பாக்குகிறது அந்தச் சட்டம். நில உரிமையாளர் என்ற பெயரில் ஒதுங்கி நிற்க முடியாமல் போகலாம். பில்டரின் தவறால் உங்கள் மேல் வரும் எந்தத் தொகையையும் அவர் ஈடுசெய்ய வேண்டும் என்ற ஷரத்து அவசியம்.

வரி

இடத்தைக் கொடுத்துக் கட்டடம் வாங்குவது வருமான வரிச் சட்டத்தின் பார்வையில் விற்பனைதான். நல்ல செய்தி, தனிநபர்களுக்கு 2017-லிருந்து ஒரு சலுகை இருக்கிறது: ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டிருந்தால், பணிநிறைவுச் சான்று வரும் வருடத்தில் வரி கட்டினால் போதும். பழைய சட்டத்தில் 45(5A) என்ற பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால் பிரிவு எண்ணை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிக்கல் என்னவென்றால், அந்த வருடம் கைக்கு வருவது கட்டடம், பணமல்ல. வரியோ உங்கள் பங்கின் அன்றைய வழிகாட்டி மதிப்பின் மேல். 1979-ல் வாங்கிய இடம் என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்க விலையாக எடுத்துக் கழிக்கலாம். இப்போதே ஒரு மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கி வையுங்கள். வீடு கிடைக்கும் ஜே.வி.யில் பலர் பயன்படுத்தும் 54F விலக்கு குடியிருப்பு வீட்டுக்கு மட்டும், கடைக்கும் அலுவலகத்துக்கும் கிடையாது. அக்கா தன் பங்கை நடுவில் யாருக்காவது கைமாற்றினால் அவருக்கு அந்த வருடமே வரி.

உங்கள் பங்குக் கட்டுமானத்துக்கு பில்டர் 18 சதவீத ஜி.எஸ்.டி. கேட்பார். யார் ஏற்பது என்று எழுதுங்கள். "பின்னால் வாடகை ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம்" என்று அவர் சொன்னதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். 2024 அக்டோபரில் சஃபாரி ரிட்ரீட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதற்கு ஒரு கதவைத் திறந்தது. 2025 நிதிச் சட்டம் 2017 ஜூலையிலிருந்தே பின்தேதியிட்டு அதை மூடிவிட்டது. அந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

தரை வாடகை யோசனை

கட்டடம் கட்ட விட்டால் இடம் போய்விடும் என்ற பயம் வெறும் வதந்தியல்ல. 1921-ஆம் வருட நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், காலி மனையில் கட்டடம் கட்டிக்கொண்டவருக்கு அந்த மனையை விலைக்குக் கேட்கும் உரிமையைக் கொடுத்திருந்தது. அது பழைய குத்தகைகளோடு நின்றுவிட்டது, இன்று நீங்கள் புதிதாகப் போடும் ஒப்பந்தத்துக்கு வராது. காலமுடிவில் கட்டடம் யாருக்கு என்பதைத் தெளிவாக எழுதி, பத்திரத்தைப் பதிவு செய்தால் போதும்.

உங்கள் குடும்பத்துக்கு எனக்கு அதிகம் பிடித்தது இந்த வழிதான். முகப்பில் 20, 25 சென்ட்டை மட்டும் சூப்பர் மார்க்கெட்டுக்கு விடுங்கள். முதலில் ஐந்து வருடத்துக்கு உட்பட்ட, தம்பி மகள் மேஜரான பின் ஒரு வருடத்துக்கு மேல் நீளாத குத்தகை, பிறகு நீண்டகாலத்துக்குப் புதுப்பிப்பு. குறுகிய காலத்துக்கு அவர்கள் பெரிய முதலீடு போட மாட்டார்கள் என்பதால் ஆரம்ப வாடகை குறைவாக இருக்கும். நீண்ட காலமே வேண்டும் என்றால் நீதிமன்ற அனுமதிதான் வழி. வாடகையை ஐந்து பேர் கணக்கிலும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. பதிவுக்கான 20 லட்சம் வரம்பு அப்போது ஆளுக்குத் தனியாகக் கணக்கிடப்படும். பின்பக்க நிலம் கையில் இருக்கும், பட்டறையும் ஓடும். பின்னால் ஜே.வி. வந்தாலும் நல்ல விலைக்குப் பேசலாம். ஆனால் பின்பக்கத்துக்கு அகலமான வழி விட்டு முகப்பைப் பிரியுங்கள், இல்லையென்றால் உள்நிலத்தின் மதிப்பு பாதியாகிவிடும்.

மொத்தமாக விற்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பில்டரிடம் இப்போதைக்கு, பட்டா மாற்றமும் மைனர் விவகாரமும் முடியும் வரை எதிலும் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஒரு ரூபாய்கூட அட்வான்ஸாக வாங்காதீர்கள், ரசீதும் கொடுக்காதீர்கள். இதற்கிடையில் 1979 கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள், அன்றிலிருந்து இன்று வரை வில்லங்கச் சான்று, அப்பா, தம்பி இருவருக்கும் இறப்பு மற்றும் வாரிசுச் சான்றுகள், நில அளவை வரைபடம் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். அக்காவையும் தம்பி மனைவியையும் உட்கார வைத்து, மேலே போட்டிருக்கும் 20, 15, 15, 5, 5 கணக்கைக் காட்டுங்கள். அம்மா தன் 20 சென்ட்டை யாருக்கு, எப்படி என்று அவராக யோசித்து உயில் எழுதுவதானால், அந்தப் பேச்சு நடக்கும்போது நீங்கள் அந்த அறையில் இருக்க வேண்டாம்.